"வேகமா இழு, பிடிபட்டிருக்கு!": எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் வேலைக்காரர்கள் பேசுவது யாருடைய பேச்சு?

மணற்கடிகாரம்

போன பிப்ரவரியில் சக்காரா போயிருந்தேன். குழுவாகப் போனதால் எல்லாம் ஓட்டம்தான். படிக்கட்டுப் பிரமிடுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிய வழிகாட்டி, தி என்பவரின் கல்லறைக்குக் கொடுத்தது இருபதே நிமிடம். (தீ இல்லை, தி. ஐந்தாம் வம்சத்து அதிகாரி, ஏறத்தாழ கி.மு. 2400.)

உள்ளே போனதும் எனக்கு ஏமாற்றம்தான். சுவர் முழுக்க வெளிறிய உருவங்கள், எதுவும் கண்ணில் நிற்கவில்லை. அங்கே காவலுக்கு இருந்த பெரியவர் என் கைபேசியை வாங்கி, டார்ச்சைப் போட்டு, சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தார். அவ்வளவுதான், சுவர் எழுந்து நின்றது. மாட்டின் விலா எலும்பு, படகோட்டியின் முழங்கால், வலையின் கண்ணி எல்லாம் தெரிய ஆரம்பித்தன. இத்தனைக்கும் கல்லிலிருந்து சில மில்லிமீட்டர்தான் மேலே வந்திருக்கும்.

நான் அதிக நேரம் நின்றது ஒரு கன்றுக்குட்டியின் முன்னால். மாடுகள் ஆழமில்லாத தண்ணீரைக் கடக்கின்றன. முன்னால் போகிறவன் முதுகில் கன்றைச் சுமந்திருக்கிறான். அது கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் தாயைப் பார்க்கிறது. தாய்ப்பசு தலையைத் தூக்கிக் கத்துகிறது. கன்று முன்னால் போனால் தாய் தானாகப் பின்னால் வரும், தாய் வந்தால் மந்தை வரும். இது மாடு மேய்த்தவனுக்குத் தெரிந்த உத்தி. அரண்மனையில் உட்கார்ந்து கற்பனையில் வரைந்துவிட முடியாது.

ஊர் திரும்பியதும் படிக்கத் தொடங்கினேன். உருவங்களுக்கு நடுவே இருக்கும் சித்திர எழுத்துகளில் பல, அந்த ஆட்கள் பேசுவதாம்! வலை இழுப்பவன் கூட்டாளியை அவசரப்படுத்துகிறான், மாடறுப்பவன் "இறுக்கிப் பிடி" என்கிறான். அடால்ஃப் எர்மான் என்ற ஜெர்மானிய அறிஞர் 1919-லேயே இவற்றைத் திரட்டி வெளியிட்டிருக்கிறார். தலைப்பில் இருப்பதும் அந்த மாதிரி ஒன்றை நம் பேச்சில் சொன்னதுதான்.

என் கேள்வி இதுதான். நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய கூலியாளின் குரல் இது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழுப்பேடு

எடுத்துக்கொள்ளக் கூடாது. மன்னிக்கவும், முதல் பதிலே முட்டுக்கட்டையாகிவிட்டது.

அந்தச் சுவர்களில் வேலைக்காரர்களைப் பார்த்தீர்கள், சரி. அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்தீர்களா? ஒரு ஓரத்தில், மற்றவர்களைப்போல மூன்று நான்கு மடங்கு உயரத்தில், கையில் கோலோடு நிற்பார். அவர் பக்கத்தில் "வயல் வேலைகளைப் பார்வையிடுதல்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். ஆக அது அவருடைய சொத்து, அவருடைய பார்வை. செத்த பிறகும் ரொட்டி, பீர், இறைச்சி, துணி தடையில்லாமல் வரவேண்டும் என்பதற்காகவும், வந்து பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கவேண்டும் என்பதற்காகவும் செய்யப்பட்ட சுவர். அதில் வேலையாள் பேசுகிறான் என்றால் முதலாளிக்குப் பிடித்ததைத்தான் பேசுவான்.

சான்று வேண்டுமா? பல்லக்குத் தூக்குபவர்களின் பாட்டு ஒன்று பழைய அரசுக் காலக் (தி வாழ்ந்த, பிரமிடுகள் எழுந்த காலகட்டம்) கல்லறைகளில் இருக்கிறது. எசமானரைச் சுமந்து போகிறவர்கள் என்ன பாடுகிறார்கள் தெரியுமா? பல்லக்கு காலியாக இருப்பதைவிட நிறைந்திருப்பதே சுகம் என்று! தோளில் பாரம் ஏறினவன் எவனாவது இப்படிப் பாடுவானா?

தவிட்டுக்குருவி

சிரித்துவிட்டேன் 😄

ஒரு சந்தேகம். இவர்களெல்லாம் அடிமைகளா? அப்புறம், கதிர் பொறுக்கும் இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துச் சண்டை போடுகிற படம் ஒன்று பார்த்த ஞாபகம். அதுவும் இந்தக் கல்லறையா?

நூறாம்பக்கம்

@தவிட்டுக்குருவி அது மென்னாவின் கல்லறை. தெற்கே தீப்ஸில் (இன்றைய லக்சர்) இருக்கிறது, கல்லறை எண் 69, பதினெட்டாம் வம்சம். தி காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்தியது. அதோடு அது செதுக்கியதில்லை, பூச்சின் மேல் தீட்டிய ஓவியம். தீப்ஸ் மலையில் பல இடங்களில் பாறை செதுக்க ஆகாது, உதிரும். அதனால் பூசி வரைந்தார்கள். நல்ல கல் கிடைத்த ராமோஸ் கல்லறையில் (எண் 55) பிரமாதமாகச் செதுக்கியிருக்கிறார்கள். மென்னாவில் அந்தச் சண்டைக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் இன்னொருத்தியின் காலில் முள் எடுத்துக்கொண்டிருப்பாள், அதையும் பாருங்கள்.

அடிமைகளா என்றால், பெரும்பாலும் இல்லை. பண்ணையோடு பிணைக்கப்பட்ட குடியானவர்கள், கைவினைஞர்கள், முறைவைத்து அரசு வேலைக்கு அழைக்கப்பட்டவர்கள் எனப் பலவகை. சுதந்திரமான ஆட்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. மெரெருக்காவின் கல்லறையில் வரி பாக்கிக்காக ஊர்த் தலைவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருகிற காட்சி இருக்கிறது. ஒருவனைக் கம்பத்தில் பிணைத்து அடிக்கிறார்கள். எதிரே எழுத்தர்கள் அமைதியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மணற்கடிகாரம்

மெரெருக்காவுக்கும் போனேன்! முப்பதுக்கும் மேல் அறைகள், ஆறாம் வம்சத்து அரசன் தெத்தியின் மருமகன். அங்கே எனக்குப் பிடித்தது உலோகப் பட்டறை. உலையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து நீளக் குழலால் ஊதுகிறார்கள். துருத்தி கிடையாது, வாய்தான். கன்னம் உப்பி, முகம் தீக்கு நேராக. பக்கத்தில் குள்ளமான கைவினைஞர்கள் கழுத்தணி கோக்கிறார்கள்.

@பழுப்பேடு பல்லக்குப் பாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கன்றுக்குட்டி?

உளிச்சத்தம்

இந்தப் பக்கம் எப்போதாவதுதான் வருவேன். கல்லில் எழுத்து வெட்டும் வேலையில் பதினெட்டு வருடம் இருந்தவன் என்பதால் ஒரு வார்த்தை.

யாருடைய பேச்சு என்று கேட்கும்முன், யார் கை வைத்தது என்று பார்க்கவேண்டும். ஒரு சுவரில் பல கைகள் இருக்கும். முதலில் சுவரைச் சமன் செய்து தேய்க்கிறவர்கள். பிறகு சிவப்புக் காவியில் கோடு போடுகிறவர். அப்புறம் மூத்தவர் வந்து கறுப்பில் திருத்துவார். இதற்குப் பின்தான் உளி. கடைசியில் வண்ணம். அரசர் பள்ளத்தாக்கில் ஹோரெம்ஹெப்பின் கல்லறை (கே.வி. 57) பாதியில் நின்றுபோனதால் இந்தப் படிகளெல்லாம் ஒரே இடத்தில் அப்படியே தெரிகின்றன. படத்தில்தான் பார்த்தேன். கறுப்புக் கோடு சிவப்பைத் திருத்தியிருப்பதைப் பார்த்தபோது என் மேஸ்திரி ஞாபகம் வந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புடைப்பு வேலையில் உருவத்தைச் சுற்றியுள்ள தளம் முழுவதையும் கழிக்கவேண்டும். அதாவது எழுத்துக்கும் உருவத்துக்கும் நீங்கள் கல்லை விட்டுவைக்கவேண்டும், மற்றதை எடுக்கவேண்டும். பின்னால் ஒரு வரி சேர்க்கலாம் என்று தோன்றினால் சேர்க்க அங்கே கல் இருக்காது. குழித்துச் செதுக்குவதில் அந்தத் தொல்லை இல்லை, எங்கே வேண்டுமானாலும் வெட்டிச் சேர்க்கலாம். அதனால் புடைப்பில் வருகிற பேச்சு எல்லாம் காவிக் கோடு போட்ட நாளிலேயே முடிவானது. கோடு போட்டவர் எழுத்தறிந்தவர். உளி பிடித்தவருக்குப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்று இல்லை. நானே தெரியாத மொழியில் வெட்டியிருக்கிறேன்.

(வெயில் படும் வெளிச்சுவரில் குழித்து வெட்டுவார்கள். நிழல் ஓரத்தில் விழுந்து கோடு பளிச்சென்று தெரியும். உள்ளே இருட்டில், விளக்கு பக்கவாட்டில் வரும் இடத்தில் புடைப்பு. அந்தக் காவல்காரருக்கு வேலை தெரிந்திருக்கிறது.)

கருவி செம்பு உளி, மரத்தில் கொட்டாப்புளி. செம்பு சீக்கிரம் மழுங்கிவிடும், அடிக்கடி தீட்டவேண்டும். ஆனால் கல் நல்ல சுண்ணக்கல். சக்காராவின் நல்ல சுவர்களுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் தூராவிலிருந்து கொண்டுவந்தார்கள். சொன்னபடி கேட்கும் கல். தவறிப்போனால் சாந்து வைத்து அடைத்து மேலே வண்ணம் பூசிவிடுவார்கள். நான் ஒருமுறை ஒரு கல்வெட்டில் கொம்பை உடைத்துவிட்டுப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கூலியில் பாதி போயிற்று.

பழுப்பேடு

அருமை. என் வாதத்துக்கு நீங்களே ஆதாரம் தந்துவிட்டீர்கள். பேச்சை எழுதியவர் படித்தவர்.

படித்தவர்கள் வேலைக்காரர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு வேறு சான்றும் இருக்கிறது. மத்திய அரசுக் காலத்தில் (பழைய அரசுக்குப் பின் வந்த காலகட்டம்) கேதி என்பவர் தன் மகனை எழுத்தர் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது சொல்வதாக ஒரு அறிவுரை. எல்லாத் தொழிலையும் வரிசையாக மட்டம் தட்டும். உலையடியில் நிற்கும் கொல்லனின் விரல் முதலைத் தோல் போல இருக்கும், மீன் முட்டையைவிட நாறுவான். வண்ணான் முதலைக்குப் பக்கத்தில் துணி துவைக்கிறான். ஆகவே, மகனே, எழுத்தனாகு! இந்தப் பள்ளியில் படித்தவர்தான் சுவரில் "தோழா, இழு" என்று எழுதினார்.

நூறாம்பக்கம்

கேதி சொல்வது கேலி. ஆனால் கேலி செய்கிறவனுக்கும் கொல்லனின் விரல் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது, இல்லையா?

நான் எல்-காப் பக்கம் போகிறேன். அங்கே பாஹெரி என்பவரின் கல்லறை, பதினெட்டாம் வம்சம், பாறையில் குடைந்தது. முழுக்கச் செதுக்கல். பேச்சு என்றால் அங்கேதான் கொட்டிக்கிடக்கிறது. பிணையல் கட்டி மாடு மிதிக்கும் களத்தில் ஒரு பாட்டு:

"மிதியுங்கள் உங்களுக்காக, மிதியுங்கள் உங்களுக்காக, மாடுகளே! தின்ன வைக்கோல் உங்களுக்கு, தானியம் உங்கள் எசமானருக்கு. மனசு ஓயாதீர்கள், இன்று குளிர்ச்சியாக இருக்கிறது."

"உங்களுக்காக" என்று தொடங்கி, உங்களுக்கு வைக்கோல் என்று முடிப்பதைக் கவனித்தீர்களா? மாட்டைத்தான் சொல்கிறான். மாட்டை மட்டும்தானா?

அடுத்து, படகில் தானியம் ஏற்றும் இடம். வரிசையாக மூட்டை தூக்கிப் பலகையில் ஏறுகிறார்கள். அவர்கள் சொல்வதை என் தமிழில் தருகிறேன்:

"நாள் முழுக்க வாற்கோதுமையும் வெள்ளைக் கோதுமையும் சுமந்துகொண்டே இருக்கவேண்டுமா? களஞ்சியம் நிறைந்து வாய்க்கு மேலே வழிகிறது. படகுகள் பாரம் தாங்காமல் தானியத்தைக் கொட்டுகின்றன. அப்படியும் விரட்டுகிறார்கள். எங்கள் நெஞ்சு என்ன செம்பாலா செய்தது?"

பழுப்பேடு ஐயா, இது எசமானருக்குப் பிடித்த பேச்சா?

தவிட்டுக்குருவி

"நெஞ்சு செம்பாலா" 😮 இதற்கு மேல் என்ன வேண்டும்? வழக்கு முடிந்தது.

பழுப்பேடு

முடியவில்லை. பாஹெரி யார் என்று பாருங்கள். நெகெப் (எல்-காப்பின் பழைய பெயர்) நகரத்தின் தலைவர், அதோடு தானியக் கணக்கு எழுதும் அதிகாரி. கணக்குப்பிள்ளையின் கல்லறையில், "களஞ்சியம் வழிகிறது, படகு பாரம் தாங்கவில்லை" என்று கூலியாள் அலுத்துக்கொள்கிறான். இதைவிட அழகாக அந்த அதிகாரியைப் புகழ முடியுமா? தானே "நான் நிறைய அளந்தேன்" என்று எழுதினால் தற்பெருமை. சுமப்பவன் வாயால் "தாங்க முடியவில்லை" என்று சொல்லவைத்தால் சாட்சி. புலம்பல் மாதிரி தெரிவது பாராட்டு.

உண்மையான புலம்பல் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், அரசர் கல்லறைகளை வெட்டிய தெய்ர் எல்-மதீனா ஆட்கள் கூலித் தானியம் வராததால் வேலையை நிறுத்திக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அது தூரின் அருங்காட்சியகத்துப் பாப்பிரஸில் பதிவாகியிருக்கிறது. சுவரில் யாராவது செதுக்கினார்களா? அதே ஊரின் வருகைப் பதிவு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு சுண்ணக்கல் துண்டில் இருக்கிறது, இரண்டாம் ராம்செஸின் 40-ஆம் ஆண்டு. யார் ஏன் வரவில்லை என்று கறுப்பு மையில் பெயரும் மேலே சிவப்பில் காரணமும். தேள் கொட்டிற்று, பீர் காய்ச்சினான், உடம்பு சரியில்லை. அன்றாட வேலை வாழ்க்கை வேண்டுமென்றால் அங்கே போங்கள்.

நூறாம்பக்கம்

பாஹெரியின் பதவியை நான் யோசிக்கவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன், அது என் வாதத்தின் பாதியைச் சாய்த்துவிட்டது.

மீதிப் பாதியைப் பிடித்துக்கொள்கிறேன். புகழ்வதற்காக வைத்த பேச்சாகவே இருக்கட்டும். ஆனால் அது நம்பும்படி இருந்தால்தான் புகழ்ச்சி எடுபடும். மூட்டை தூக்குகிறவன் பலகையில் ஏறும்போது எப்படி அலுத்துக்கொள்வான் என்பதை எழுதியவர் எங்கோ காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். "நெஞ்சு செம்பாலா" என்பது கணக்குப் புத்தகத்தில் பிறக்கிற சொல்லாகத் தெரியவில்லை.

உளிச்சத்தம்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். காது மட்டுமில்லை, கண்ணும். தி கல்லறையில் தச்சர் காட்சியைப் பெரிதாக்கிப் பாருங்கள். மரத்தைப் படுக்கவைத்து அறுக்கவில்லை. நட்ட கம்பத்தில் பலகையை நிமிர்த்திக் கட்டி, மேலிருந்து கீழே ரம்பத்தை இழுக்கிறான். செம்பு ரம்பத்தைத் தள்ளி அறுத்தால் வளைந்துவிடும், இழுத்துத்தான் அறுக்கமுடியும். வாய்ச்சி பிடித்திருக்கும் விதம், வில்லால் சுழற்றித் துளை போடும்போது மேல் குமிழை உள்ளங்கையால் அழுத்தும் விதம், எல்லாம் சரி. பார்க்காமல் வராது.

லூவரில் இர்திசென் என்ற சிற்பியின் நடுகல் ஒன்று இருக்கிறது, பதினோராம் வம்சம். அதில் அவர் தனக்கு என்ன தெரியும் என்று பட்டியல் போடுகிறார். ஆணின் நடை, பெண் வருகிற விதம், நீர்யானையை ஈட்டியால் எறிபவனின் கை நிற்கும் நிலை, ஓடுபவனின் பாவனை. தெய்வ உருவம் வடிப்பேன் என்று மட்டும் பீற்றிக்கொள்ளவில்லை, கை எங்கே நிற்கும் என்பதைத் தொழிலின் பெருமையாகச் சொல்கிறார். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கீழைக்காற்று

நேற்றிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன். பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. கதிர் தூற்றுகிறார்கள், மாவரைக்கிறார்கள், சந்தையில் விற்கிறார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சக்காராவில் பழைய அரசுக் காலத்துப் படகுக் காட்சி ஒன்று. சரக்குப் படகின் சுக்கானை ஒரு பெண் பிடித்திருக்கிறாள். ஒருவன் ரொட்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். அவள் சொல்வது: "கரை சேர்க்கிற நேரத்தில் முகத்தை மறைக்காதே!"

இதில் எந்த எசமானருக்கு என்ன பெருமை? யோசித்து யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சந்தை என்றதும் இன்னொன்று. நியாங்க்-க்னும், க்னும்-ஹோதெப் இருவரின் கல்லறை, 1964-ல் சக்காராவில் உனாஸ் அரசனின் பிரமிடுக்குப் போகும் பாதைக்கு அடியில் கண்டுபிடித்தது. அங்கே சந்தையில் ஒரு குரங்கு (பபூன்) திருடனின் காலைக் கவ்விப் பிடித்திருக்கிறது. குரங்கைக் கயிற்றில் பிடித்திருப்பவன் காவல்காரன். திருடன் அலறுகிறான்.

பழுப்பேடு

சுக்கான் பெண்ணிடம் நான் தோற்றேன். குரங்கிடமும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உடம்பைப் பாருங்கள். எசமானர் எப்போதும் இளமை, அகன்ற தோள், ஒட்டிய வயிறு. வேலையாட்கள்தான் வழுக்கை, தொப்பை, கூன், சவரம் செய்யாத மோவாய். மெய்ரில் உக்ஹோதெப்பின் கல்லறையில் (மத்திய அரசு) மாடு ஓட்டி வருகிற மேய்ப்பன் ஒருவன், எலும்பும் தோலும், கோலில் சாய்ந்தபடி நிற்பான். மாடு கொழுத்திருக்கும். மேய்ப்பனை அப்படி எலும்பெண்ணும்படி செதுக்கியது பரிவா, வேடிக்கையா? எனக்கு இன்னமும் தீர்மானமாகச் சொல்ல வரவில்லை.

மணற்கடிகாரம்

அந்தப் படத்தை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். வேடிக்கைக்காக இவ்வளவு கவனமாக விலா எலும்பை எண்ண மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதும் அடிபடவில்லை.

இன்னொரு பாட்டு ஞாபகம் வருகிறது. தி, மெரெருக்கா இரண்டிலும் இருக்கிறது. வெள்ளம் வடிந்த சேற்றில் விதை தூவி, அதை மிதித்து அமுக்க ஆடுகளை ஓட்டுகிறார்கள். ஓட்டுகிறவர்கள் பாடுவது: "மேய்ப்பன் தண்ணீரில் இருக்கிறான், மீன்களின் நடுவே. கெளுத்தியோடு பேசுகிறான், மற்ற மீனோடு நலம் விசாரிக்கிறான். மேற்கே! மேய்ப்பன் எங்கே, மேற்கின் மேய்ப்பன் எங்கே?" மேற்கு என்றால் செத்தவர்களின் திசை. மூழ்கிப்போனவனைப் பற்றிய பாட்டா, கடவுளைப் பற்றியதா, சேற்றில் முழங்கால் வரை நிற்பவன் தன்னையே கிண்டல் செய்வதா என்று இன்றும் அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். பல்லக்குப் பாட்டு மாதிரி இதை யாரும் எசமானருக்காக எழுதியிருக்க வாய்ப்பில்லை.

தவிட்டுக்குருவி

ஒரு கடைசிக் கேள்வி. இவ்வளவு பேரைச் செதுக்கினார்களே, செதுக்கினவர்கள் யாராவது தங்களைச் செதுக்கிக்கொண்டார்களா?

உளிச்சத்தம்

ஒருவர் இருக்கிறார். சக்காராவில் ப்தாஹோதெப்பின் கல்லறை. வேலைப்பாட்டில் அதற்கு ஈடு சொல்லக் கொஞ்சம்தான். அங்கே படகோட்டிகள் கழியால் ஒருவரையொருவர் அடித்துத் தள்ளி விளையாடும் காட்சியில், ஓரமாக ஒரு நாணல் படகு. அதில் ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் தின்பண்டம். ஒரு பையன் குடுவையைத் தூக்கி அவர் வாயில் பிடிக்கிறான், அவர் குடிக்கிறார். மேலே பெயர் எழுதியிருக்கிறது: சிற்பிகளின் மேற்பார்வையாளர் நியாங்க்-ப்தா.

பழுப்பேடு

பக்கத்திலேயே அடிதடி நடக்கிறது, இவர் குடித்துக்கொண்டிருக்கிறாரா?

உளிச்சத்தம்

ஆமாம். அதுவும் புடைப்பு வேலை. காவிக் கோடு போட்ட அன்றே அவருக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது.